நானூறு கிலோ

லியெபாயாவில் மார்ச் காற்றுக்கு ஈரக் கம்பளி வாசனை.
ஐந்தாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
இரும்புச் சட்டத்தைத் தோளில் சாய்த்து
மாடிக்கு ஒரு கெட்ட வார்த்தை விட்டபடி ஏறினேன்.

கதவைத் திறந்தவர் நிலையை அடைத்து நின்றார்.
விஸ்வால்டிஸ். டிராம் ஓட்டுகிறார்.
கையைக் குலுக்கினார், முகத்தைப் பார்க்கவில்லை.
"என்னால்தான்" என்றார்,
உள்ளே வாருங்கள் என்பதற்கும் முன்னால்.

போன மாதம் ஒரு விடியற்காலை
சுவரில் தொங்கிய பீங்கான்
அவரோடு சேர்ந்து கீழே வந்துவிட்டது.
டைல்ஸ் ஆறு. இடுப்பில் தையல் ஏழு.
அன்றிலிருந்து ரொட்டியை நிறுத்துத் தின்கிறாராம்.
சமையல் தராசு மேசைமேலேயே கிடந்தது,
பக்கத்தில் பென்சிலால் எண்கள்,
அடித்து, திரும்ப எழுதி.
கீழ்வீட்டுச் சாவி வெல்காவிடம் இருக்கிறது;
அவருக்கு அங்கே உட்கார வெட்கம்.
இரண்டு நிறுத்தம் தள்ளிப் பணிமனைக்கு நடக்கிறார்.

நான் ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை.
சுவரை உடைத்தேன்.

பழைய சட்டம்
ஜிப்சம் பலகையில், இரண்டு பிளாஸ்டிக் முளைகளில்,
ஆணியில் சட்டை மாட்டியது போல் மாட்டியிருந்தது.
ஒரு கால் தரையைத் தொடவே இல்லை.
மற்றதன் அடியில் மடித்த சிகரெட் அட்டை.
தரையில் துளை போட்ட தடம்கூடக் கிடையாது.

டார்ச்சை அவர் கையில் கொடுத்தேன்.
"இதில் பூனை உட்கார்ந்திருந்தாலும் ஒருநாள் விழுந்திருக்கும்.
நீங்கள் நாலு வருஷம் உட்கார்ந்தீர்கள்."
அவர் அந்த அட்டையை எடுத்து
முன்னும் பின்னும் திருப்பினார்,
யார் பெயராவது இருக்குமோ என்று.

புதியதைச் செங்கல்வரை கொண்டுபோனேன்.
தரைக்கு இரண்டு, சுவருக்கு இரண்டு, எல்லாம் எஃகு போல்ட்,
ஒவ்வொரு துளையிலும் தூசியை ஊதித் தள்ளியபின்.
தூசி இருந்தால் பிடிப்பு பொய்.
ரசமட்டத்துக் குமிழி நடுவுக்கு வந்து
கொஞ்சம் யோசித்துவிட்டு நின்றது.

உட்காரும் உயரம், காகிதத்தில், நாற்பத்திரண்டு சென்டிமீட்டர்.
அவரை நாற்காலியில் உட்காரச் சொல்லி
முழங்காலிலிருந்து தரைக்கு டேப் பிடித்தேன்.
"கோட்டு தைக்கத்தான் இப்படி அளப்பார்கள்" என்றார்.
நாற்பத்தாறு வைத்தேன்.

மூடுமுன் குழாய்களுக்குப் பக்கத்தில் டேப்பை விரித்துப்
படம் எடுத்துக் கொடுத்தேன்.
பின்னால் எவனாவது டிரில்லோடு வருவான்;
எது எங்கே என்று சொல்ல நான் இருக்க மாட்டேன்.

பிறகு பத்து நாள் ஒன்றும் செய்யவில்லை.
டைல் பசை காயாமல் பீங்கானை ஏற்றக் கூடாது.
வெல்கா ஃபோனில் கெஞ்சினாள். முடியாது என்றேன்.
அவர் இன்னும் பத்து நாள் பனிச்சேற்றில் நடந்தார்.

ரப்பர் வளையத்துக்குச் சோப்புநீர், எண்ணெய் அல்ல.
வடிகுழாயை அளந்து அறுத்து, விளிம்பை ராவி,
பீங்கானுக்கும் சுவருக்கும் நடுவே மெத்தை வைத்து
மரையை முதலில் விரலால், அப்புறம் ஸ்பேனரால்,
இடத்தில் கொஞ்சம், வலத்தில் கொஞ்சம்.
கிறீச்சிடுவதற்கு முன்பே நிறுத்த வேண்டும்.
பீங்கான் இரண்டாம் தடவை எச்சரிக்காது.

சிலிக்கானைச் சுற்றிப் பூசி
அடியில் மட்டும் ஒரு விரலகலம் விட்டேன்.
"ஜின்ட்ரா, இங்கே மறந்துவிட்டீர்கள்."
இல்லை. உள்ளே கசிந்தால் சொல்ல ஒரு வாய் வேண்டும்.
அடைத்துவிட்டால் சுவர்
வருஷக்கணக்காகப் பேசாமலே ஊறும்.

விஸ்வால்டிஸ் அந்த இடைவெளியை
ரொம்ப நேரம் பார்த்தார்.

"எவ்வளவு தாங்கும்?"
"நானூறு கிலோ."
"நான் நூற்று முப்பத்தெட்டு."
சமையலறையில் தட்டுகளின் சத்தம் நின்றது.
"அப்படியானால் மடியில் இரண்டு பயணிகளை ஏற்றலாம்" என்றேன்.

கதவைச் சாத்திக்கொண்டார்.
வெல்காவும் நானும் நடையில் நின்று
கேட்காதது போல் கேட்டோம்.
முனகல் இல்லை. விரிசல் இல்லை.
தண்ணீர் ஒருமுறை இறங்கியது.
கொஞ்சம் பொறுத்து,
தேவையே இல்லாமல்,
இன்னொருமுறை.

நான் பில் எழுதிக்கொண்டிருந்தேன்.
அவர் தராசை அலமாரிக்குள் தள்ளிவிட்டு
ரொட்டி அறுத்தார், தடிமனாக,
எனக்கும் ஒன்று.